முழு மாத்திரை

ஐஸ்கிரீம் கடைக்காரியின் மூக்கு அடைத்துக்கொண்டதில் அவளைவிட அதிகம் தவித்தவர் அவள் கணவர்தான். பாசம் பாதி, பயம் பாதி. அந்த மூக்கை நம்பித்தான் குடும்பமே ஓடியது. பால் எந்த நொடியில் அடிபிடிக்கும், காப்பித்தூள் பழசா புதுசா என்று அடுத்த அறையிலிருந்தே சொல்லிவிடுவாள். அவருக்கோ மூக்கும் நாக்கும் முகத்துக்கு அழகு சேர்க்க மட்டுமே. எதை ருசி பார்க்கச் சொன்னாலும் ஒரே தீர்ப்புதான்: “பிரமாதம்.”

பெரிய ஓட்டல் ஒன்று காப்பி ஐஸ்கிரீமுக்கு மாதிரி கேட்டிருந்தது. பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர். இந்த நேரம் பார்த்துச் சளி முற்றி, முகமெல்லாம் கனத்து, டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார்.

ஊர்ப் பிள்ளைகளின் அடத்தையெல்லாம் அடக்குகிற அந்த அம்மாளுக்கு ஒரு மாத்திரையை விழுங்கத் தெரியாது. உள்ளே போடுவாள், அது மறந்துபோன குடையை எடுக்க வருகிறவர் மாதிரி வந்த வழியே திரும்பிவிடும்.

கணவர் மூளையைக் கசக்கினார். பிறகு மாத்திரையையும் கசக்கினார். இரண்டு கரண்டிகளுக்கு நடுவே பொடித்து, ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமில் கலந்து வேளை தவறாமல் ஊட்டிவிட்டார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. சில நாள் ஆகியும் மூக்கு மட்டும் திறக்கவில்லை.

தைலம் வாங்க மருந்துக்கடைக்குப் போனவர், பெருமை தாங்காமல் தம் வித்தையை அவிழ்த்துவிட்டார். கடைக்காரப் பெண் பில் போடுவதை நிறுத்தினாள்.

“அண்ணே, எதுல கலந்தீங்க?”

“நம்ம ஐஸ்கிரீம்லதாம்மா. சுத்தமான பால்!”

“அதுதான் வில்லங்கமே! இந்த மாத்திரைக்கும் பாலுக்கும் ஆகாது. பால் அதை உடம்புல சேர விடாது. பொடிக்கவும் கூடாது. கவர்லயே எழுதிக் குடுத்தேனே, படிக்கலையா?”

“கண்ணாடி போடலம்மா.”

“நல்லா வைத்தியம் பாத்தீங்க போங்க!”

அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். பதில் வந்தது: அதே மாத்திரையைத் தொடரலாம், முழுசாக, ஒரு டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். பால் சமாச்சாரமெல்லாம் சில மணி நேரம் தள்ளி. விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஒரே வேளையில் இரண்டு மாத்திரை போடக் கூடாது. உடம்பில் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஓடி வர வேண்டும்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மனைவி பார்த்த பார்வையில் ஃப்ரீசரே உருகியிருக்கும்.

“அப்போ இத்தனை நாளா நான் சாப்பிட்டது?”

“வெறும் ஐஸ்கிரீம்னு வச்சுக்கயேன். ஆனா பிரமாதமா இருந்துச்சுல்ல?”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் முயற்சியில் மாத்திரை திரும்பி வந்தது. இரண்டாவதில் தண்ணீர் அவர் சட்டைக்கு வந்தது. மூன்றாவது முறை கண்ணை இறுக மூடி, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு... கடக்.

“போயிடுச்சு! என்னங்க, போயிடுச்சு!”

அவர் பால்கேன் மூடியில் மேளம் கொட்டியதில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஓட்டலுக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. அவர் தாமே கிண்டிய மாதிரியை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து ஒரு குரல்:

“அடிபிடிச்ச பாலையா ஊத்தினீங்க?”

வாழ்க்கையில் திட்டு வாங்கி அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. அவள் அத்தனையையும் கொட்டிவிட்டு, புதுக் காப்பிக்கொட்டையை முகர்ந்து பார்த்து வறுத்து, முதலிலிருந்து கிண்டினாள்.

ஓட்டலின் தலைமைச் சமையல்காரர் ஒரு கரண்டி சாப்பிட்டார். இரண்டாவது கரண்டி எடுத்தார். மூன்றாவதை அவர் எடுத்ததும் கணவர் மூச்சு விட்டார்.

“நாளையிலேர்ந்து அனுப்புங்கம்மா,” என்றார். “உக்காருங்க, நீங்களும் ஒரு கப் சாப்பிடுங்க.”

“இன்னொரு நாள் சார். எனக்கு மாத்திரை நேரம்.”

திரும்பும் வழியில், வேன் ஓட்டிக்கொண்டிருந்த கணவருக்கு அடுத்த யோசனை உதித்தது. “அதான் மூக்கு தொறந்துடுச்சே. மிச்சத்த எடுத்து வச்சா, எனக்குச் சளி பிடிக்கும்போது ஆகும்ல?”

“உங்க சளிக்கு உங்க டாக்டர். இது எனக்குக் குடுத்தது. கடைசி மாத்திரை வரைக்கும் நானே முழுங்குவேன். நீங்க ரோட்டப் பாருங்க.”

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். கண்ணை மூடவில்லை, எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஒரே மடக்கு.

ஆளே இல்லாத சாலையில் அவர் வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தார்.