இடப்பக்கக் கீறல்கள்

புதுக் கார் வந்து எட்டு வாரம். மூன்றாவது கீறலும் விழுந்துவிட்டது.

"கண்ணூறுதான்," என்றாள் உதயகுமாரி, வெங்காயம் அரிந்தபடி. "கராஜுக்குள்ளை விடச் சொன்னனான். நீங்கள் முன்வாசல்லை வைச்சுக் கழுவி மினுக்கினால் எத்தினை கண் படும்?"

"ஓம், இந்த அம்மருட் ஊர்ச் சனம் முழுக்க என்ரை காரைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது," என்றார் ஞானரட்ணம். "அதுகளுக்கு வேறை வேலையில்லை."

"சிரியுங்கோ. நாளைக்கு நாலு மணிக்கு ஐயர் வரச் சொல்லியிருக்கிறார். அருச்சனை செய்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைச்சு ஏத்தினால் எல்லாம் கழிஞ்சிடும். அதுக்குப் பிறகு எங்கை வேணுமெண்டாலும் போங்கோ."

மேசையில் பெரிய வரைபடம் விரிந்து கிடந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, ராகு காலத்துக்கு முன்னமே. கெய்லோவில் ஒரு மரவீட்டில் இரண்டு இரவு. திங்கட்கிழமை மலையைக் கடந்து பேர்கனில் சின்னம்மா வீடு. எல்லாவற்றையும் கஜேந்தினி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்துநான்கு வயது, உயிரியல் பட்டதாரி. வீட்டில் அதிகம் பேசாதவள் என்பதால் எழுத்து வேலைகள் எப்போதும் அவளிடமே வரும்.

பயணம் தங்கை டிலக்சிக்காக. குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கும் நாளில் பிள்ளைகள் வட்டமாக இருந்து எங்கே போனோம் என்று சொல்ல வேண்டும். போன வருடம் டிலக்சி, "வீட்டிலை நிண்டனான்" என்று சொன்னாளாம். அதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஞானரட்ணம் மறுநாளே களஞ்சிய வேலையில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

"மலையிலை காத்து கூடவாம், அப்பா," என்றாள் கஜேந்தினி, கைப்பேசியைப் பார்த்து. "திங்கள் கார்களைக் கொலொன்னேயா, வரிசை கட்டித்தான் விடுவினமாம்."

"அதுக்கென்ன," என்றார் ஞானரட்ணம். "முன்னுக்குப் பனி தள்ளுற வண்டி போகும். பின்னாலை வரிசையா இழுபட்டுக்கொண்டு போறதுதானே. உன்ரை கொப்பர் முப்பது வருசமாக் கார் ஓடுறார் பிள்ளை."

"எதிர்ப்பக்கத்தாலையும் ஒரு வரிசை வரும்."

"வரட்டுமன்."

அவள் மடிக்கணினியைத் திறந்தாள். காப்புறுதிப் படிவம் பாதியில் நின்றது. மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு காரின் படம். சேதமான இடத்தில் புள்ளி வைக்க வேண்டும். பக்கக் கண்ணாடிக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, இன்று காலை முன்சில்லுக்கு ஒன்று. மூன்றாவதை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

மூன்றும் இடப்பக்கம்.

இந்த நாட்டில் சாரதி இருப்பது இடப்பக்கத்தில். கார் பழகாதவர்கள் தூரப் பக்கத்தைத்தான் உரசுவார்கள். அப்பா உரசியது தன் தோளை ஒட்டிய பக்கத்தை.

முதல் மூன்று வாரம் ஒரு கீறலும் இல்லை. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலையிடி என்று அப்பா பகல் முழுவதும் எழும்பவில்லை. அம்மா தைலம் பூசிவிட்டாள். திங்கள் வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் எல்லாமே.

"என்ரை தேத்தண்ணி எங்கை?" என்றார் ஞானரட்ணம்.

"அப்பா! உங்கடை கைக்குப் பக்கத்திலை!" டிலக்சி சிரித்தாள். "கண்ணாடியைப் போடுங்கோவன்."

கோப்பை அவருடைய இடது முழங்கையருகே ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தை முழுதாகத் திருப்பினார். "அட, இஞ்சை ஆர் வைச்சது?" என்று எடுத்துக் குடித்தார்.

எதிரே வரும் வாகனங்கள் எல்லாம் இடப்பக்கமாகத்தான் வரும். கஜேந்தினி சொல்ல வேண்டியதை மனதுக்குள் நான்கு தரம் சொல்லிப் பார்த்தாள். நான்கு தரமும் அது அப்பாவை அவமதிப்பது போலவே இருந்தது. கடைசியில் கதிரையை இழுத்து அவருக்கு நேரெதிரே, முழங்கால் முட்ட இருந்தாள்.

"அப்பா, என்ரை மூக்கைப் பாருங்கோ."

"ஏன், மூக்குத்தி குத்தப் போறியோ?"

"அசையாமல் மூக்கை மட்டும் பாருங்கோ. எத்தினை விரல் எண்டு சொல்லுங்கோ."

இடக்கையைப் பக்கவாட்டில் உயர்த்தினாள்.

"மூண்டு."

"இப்ப?"

"ரெண்டு. இதென்ன பாலர் வகுப்போ?"

"அடுத்தது எனக்கு!" என்றாள் டிலக்சி.

கஜேந்தினி அந்தக் கையை இறக்கி, வலக்கையை அவருடைய இடப்பக்கமாக உயர்த்தினாள். ஐந்து விரல்களையும் விரித்து மெல்ல அசைத்தாள். ஞானரட்ணம் அவள் மூக்கையே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ம், காட்டன் பிள்ளை. கை நோகுதோ?"

டிலக்சியின் சிரிப்பு நின்றது. சமையல் பக்கம் கத்திச் சத்தமும் நின்றது.

கஜேந்தினி கையை மெதுவாக நடுவுக்குக் கொண்டுவந்தாள். அது அவள் மூக்கைத் தாண்டிய பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது. "ஆ, அஞ்சு! இப்பத்தானே நீட்டினனி, கள்ளி."

அவர் மகள்மார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் செத்த வீட்டிலை நிக்கிறமாதிரி?"

"அப்பா, உங்களுக்கு இடப்பக்கம் தெரியேல்லை. அந்தத் தலையிடி சும்மா தலையிடி இல்லை." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் இனிக் கார் ஓடக் கூடாது."

"விசர்க் கதை கதையாதை. ரெண்டு கண்ணும் வடிவாத் தெரியுது."

அவள் எழுந்து அவசர மருத்துவ இலக்கத்துக்கு அழைத்தாள். பேசிய தாதி அமைதியாகக் கேட்டாள். எப்போதிருந்து? ஐந்து வாரமாக. அதற்குப் பிறகு வாகனம் ஓட்டினாரா? ஒவ்வொரு நாளும். தனியாகவா? கஜேந்தினி தங்கையைப் பார்த்தாள். டிலக்சியை நீச்சல் வகுப்புக்கு அவர்தான் ஏற்றி இறக்குகிறார். இப்போதே கூட்டி வாருங்கள், அவரை ஓட்ட விடாதீர்கள், என்றாள் தாதி.

"ஆசுப்பத்திரி போகோணுமெண்டால் போவம்," ஞானரட்ணம் எழுந்து ஜக்கெற்றை மாட்டினார். "பொய்யெண்டு காட்டிறன். நானே ஓடிக்கொண்டு போறன், பத்து நிமிசப் பாதை. டிலக்சி, நீயும் வெளிக்கிடு. வந்து மிச்சத்தைப் பிளான் பண்ணுவம்."

வாசலருகே சுவரில் நான்கு கொளுக்கிகள். அவர் கை வலப்பக்கத்துக் கொளுக்கிகளைத் தடவியது. வீட்டுச் சாவி. கராஜ் சாவி. மறுபடியும் வீட்டுச் சாவி.

"கார்ச் சாவி எங்கை? இதிலைதானே கொழுவினனான்."

அது இடப்பக்கக் கடைசிக் கொளுக்கியில் தொங்கியது. மூவருக்கும் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் கூடத் திருப்பினால் அவருக்கும் தெரிந்துவிடும்.

உதயகுமாரி வெங்காயம் மணக்கும் கையைச் சட்டையில் துடைத்தாள். கணவனின் இடப்பக்கம் வந்து நின்றாள். அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டி, சத்தமில்லாமல் சாவியை எடுத்தாள். அவர் கண் சிமிட்டவில்லை.

"உதயா," என்று அவர் சமையல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "சாவியைக் கண்டனீரோ?"

பக்கத்தில் நின்றவள் சாவியை இறுகப் பொத்திக்கொண்டாள்.

"இல்லை," என்றாள்.