அரை அங்குலக் கொர்பான்

1999இல் சித்தூரில் டிகிரி படித்துக்கொண்டே, ஒரு டிடிபி சென்டரில் வேதாகம அகராதி ஒன்றை டைப் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு நகரியில் பவர்லூம் ஓட்டும் பெருமாள் பக்தர்கள் வீடு. கீபோர்டுக்கு மதம் கிடையாது. 'கொ' வரும்வரை எந்த வார்த்தையும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை.

கொர்பான். கிரேக்க வேதத்தில் உள்ள சொல், எபிரெயத்திலிருந்து வந்தது. கடவுளுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது மூலப்பொருள். ஒன்றைக் கொர்பான் என்று வாயால் சொல்லிவிட்டால், கையில் இருந்தாலும் அது உன்னுடையதல்ல. பெற்றவர்களுக்கே ஆனாலும் எடுத்துக் கொடுக்க முடியாது.

அடித்து முடித்ததும் கை தானாகத் தலைக்குப் போனது. அங்கே அரை அங்குலம்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் நைனாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, அவர் பிழைத்தால் மகன் முடி ஏழுமலையானுக்கு என்று அம்மா வேண்டிக்கொண்டாள். அன்றிலிருந்து என் தலையில் கத்தரி படவில்லை. நைனா பிழைத்தார். மலைக்குப் போவதுதான் தள்ளிப்போனது: பெரியப்பா சாவுத் தீட்டு, தங்கை பிரித்திகாவின் பரீட்சை. அதற்குள் பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து இன்டர்வியூ கடிதம் வந்துவிட்டது. தோள்வரை முடியோடு போனால் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டான் என்றார்கள். பாலையா சலூனில் போய் உட்கார்ந்தேன். பெருமாளிடம் டன் கணக்கில் முடி இருக்கிறது, என்னுடையதையா தேடப்போகிறார் என்று நினைத்தேன்.

கொர்பானை அடித்த மறுநாள் காலை பிரித்திகா போன் செய்தாள். நைனாவுக்கு மறுபடி நெஞ்சுவலி. திருப்பதியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நான் முதலில் ஓடியது சலூனுக்கு. முடி மூட்டை முந்தின நாளே மெட்ராஸ் சவுரி வியாபாரியோடு போய்விட்டதாம். நல்ல முடி, சினிமாக்காரர்கள்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பாலையா ஆறுதல் சொன்னார்.

கடவுள் இல்லை என்று கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவன் நான். பஸ் சந்திரகிரி சேர்வதற்குள் அதை மூன்று முறை வாபஸ் வாங்கினேன்.

ஐசியூ வாசலில் அம்மா என் தலையைப் பார்த்தாள்.

"யாருக்குடா குடுத்துட்டு வந்த?"

இன்டர்வியூவுக்கு என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். பிரித்திகாவை வாசலில் உட்காரவைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து மலை பஸ்ஸில் ஏற்றினாள். ஒவ்வொரு வளைவிலும், இந்நேரம் நைனாவுக்கு மூச்சு இருக்குமா என்றுதான் யோசித்தேன். அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை.

மொட்டை போடும் கல்யாணகட்டாவில் நாவிதர் என் தலையில் தண்ணீர் தேய்த்துப் பார்த்து, இதில் எடுக்க என்ன இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். அம்மா என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். இடுப்புவரை விழுந்தது.

"அவன் துன்னதால கொறையறத என் தலையில எடுத்துக்கோ."

நாவிதரிடம் சொன்னாளா, பெருமாளிடம் சொன்னாளா தெரியவில்லை. ஈரக் கற்றைகள் என் காலடியில், என் அரை அங்குலத் துணுக்குகளின் மேல் வந்து விழுந்தன. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் ஐசியூவுக்குள் விட்டார்கள். நைனா கண் திறந்திருந்தார். அம்மாவின் மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"நான் பூட்டேனா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல. பேசாத படுத்துக்கினு இரு," என்றாள் அம்மா.

பிறகு அவர் கண் என் பக்கம் திரும்பியது. நான் மெஷினில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.