பின்விளிம்பு

“புறங்கையால வைம்மா” என்று யாரோ சொன்னார்கள். பிரவீனா எண்ணெயில் தோய்த்த புறங்கையைக் கணவனின் உச்சந்தலையில் மூன்று முறை வைத்து எடுத்தாள். அடுத்தது சீயக்காய். ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் ரூபேந்திரனின் காதோர முடி உப்பேறி விறைத்துக் கிடந்தது. சனிக்கிழமைகளில் அவன் கடலிலிருந்து வந்ததும், “ஷாம்பு போட்டு அலசுங்க, தலகாணியெல்லாம் உப்பு” என்று அவள் கத்துவாள். போன சனிக்கிழமை கத்த வழியில்லாமல் போயிற்று. இன்று திங்கட்கிழமை.

மாசாயில் உள்ள அவர்களுடைய வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளையும் டிவி மேசையையும் ஒதுக்கிவிட்டுப் பெட்டியை வைத்திருந்தார்கள். அவனுக்கு நாற்பத்தொரு வயது. இடுப்புக்குக் கீழே பட்டுத் துண்டைப் போர்த்தி, யாரும் விலக்கிப் பார்த்துவிடாதபடி ஓரங்களைச் செருகியிருந்தார்கள். அதற்கடியில், இடது தொடையின் உட்புறம் இருந்தது காயம். நான்கு விரற்கடை நீளம். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். அவ்வளவு சின்னக் காயத்திலா ஆள் போய்விடுவான் என்று ஒருவருக்கொருவர் ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள். போய்விடுவான். பெரிய ரத்தக்குழாய் ஓடும் இடம் அது.

“நான்தான் அத்த கொன்னுட்டேன்” என்றாள் பிரவீனா, பக்கத்தில் நின்ற மாமியாரிடம்.

கஸ்தூரி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “அப்படிச் சொல்லாதடி. நீ என்னா பண்ணுவ? தண்ணியில கண்டம்னு சின்னப் புள்ளையிலயே சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

“இல்ல அத்த, நான் தீட்டி வச்சதாலதான்...”

“ஷ்ஷ். அழு. நல்லா அழுதுடு.”

பிரவீனா இதோடு நான்கு முறை சொல்லிவிட்டாள். முதலில் வாக்குமூலம் எழுத வந்த போலீஸ் சார்ஜனிடம், மலாயில், தெளிவாக. அவர் பேனாவை மூடி, “சாபார் யா, காக்” என்று பொறுமையாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார். பிறகு தன் தங்கையிடம். பிறகு கொழுந்தன் சுகுமாறனிடம். இப்போது மாமியாரிடம். புருஷனைப் பறிகொடுத்தவள் ‘நான்தான் காரணம்’ என்று சொல்வது துக்க வீட்டில் எல்லோரும் கேட்டுப் பழகிய வசனம். அதற்கு ஆளுக்கொரு பதிலைத் தயாராக வைத்திருந்தார்கள். ஒரு சித்தி மைலோ கலக்கிக்கொண்டு வந்து வாயருகே நீட்டினாள்.

யாருக்குப் புரியும்? அந்த விளையாட்டே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. கடலில் சறுக்கும் பலகைக்கு அடியில் ஒரு கை நீளத்துக்குத் தண்டு இறங்கும். அதன் நுனியில் சின்ன விமானம் போல ஒரு கார்பன் இறக்கை. அதற்குத்தான் ஃபோயில் என்று பெயர். காற்றடைத்த சின்னப் பாய் போன்ற விங் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வேகம் எடுத்தால், தண்ணீருக்குள் இருக்கும் ஃபோயில் பலகையைத் தூக்கிவிடும். அப்புறம் ஆள் அலைக்கு மேலே, தண்ணீரைத் தொடாமல் போய்க்கொண்டே இருப்பான். மொன்சூன் காற்று பிடித்ததும் ரூபேந்திரனும் அவன் கூட்டாளி எல்வினும் எல்வினின் வேனில் தெசாரு கடற்கரைப் பக்கம் ஓடிவிடுவார்கள். பிரவீனா சவுக்கு மரத்தடியில் பாய் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரூபேந்திரனின் ஃபோயிலுக்கு ஒரு வியாதி இருந்தது. வேகம் கூடினால் கத்தும். காதோரக் கொசு போல ஒரே சுருதியில் இழுக்கும். கடற்கரைக் கூட்டம் அவனுக்கு ‘அபாங் ஞாமுக்’ என்று பேர் வைத்துவிட்டது. கொசு அண்ணன். எல்வினும் அதே ஃபோயில்தான் வாங்கியிருந்தான். அதுவும் கத்தியது. அவன் சின்னக் கொசு.

இறக்கையின் பின்விளிம்பைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்தால் சத்தம் போய்விடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூபேந்திரன் கார் நிறுத்துமிடத்தில் குந்திக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். மேடும் பள்ளமுமாக அவன் தேய்த்ததைப் பிரவீனாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதினோரு வருஷமாகச் செனாய் தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வார்ப்பு அச்சுகளுக்கு மெருகேற்றுகிறவள் அவள். ‘குடுங்க இங்க’ என்று பிடுங்கிக்கொண்டாள். நானூறு, அறுநூறு, எண்ணூறு என்று தாளை மாற்றி மாற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். வீடியோக்காரன் ரெண்டு நிமிஷ வேலை என்றிருந்தான். அவள் ரெண்டு மணி நேரம் செய்தாள். விளிம்பு என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவளுக்கு நிறுத்தத் தெரியாது. தொழிற்சாலையில் அதற்காகத்தான் அவளை மெச்சுவார்கள்.

முடிந்ததும் ரூபேந்திரன் பழைய பேப்பரை எடுத்து அந்த விளிம்பில் இழுத்தான். பேப்பர் வகிடெடுத்த மாதிரி இரண்டாகப் போனது. “அலமாக், பாத்தியா என் பொண்டாட்டி கைய!” என்று வீடியோ எடுத்து எல்வினுக்கு அனுப்பினான். ஒரு மணி நேரத்தில் எல்வின் தன் ஃபோயிலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அதையும் அதே மாதிரி செய்து கொடுத்தாள். அன்று அவளுக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், தன் கையை நினைத்துத் தானே பூரித்துப் போயிருந்தாள்.

அதன்பின் இரண்டு வாரம் காற்று வரவில்லை. மூன்றாம் வாரம், போன சனிக்கிழமை, வந்தது.

*

வாசலில் கூச்சல் கேட்டது. கஸ்தூரி எப்போது வெளியே போனாள் என்று பிரவீனா கவனிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்கு வெளியே, சாலையோரம் தன் வேனுக்குப் பக்கத்தில் எல்வின் நின்றுகொண்டிருந்தான். காலை ஏழு மணியிலிருந்து அங்கேயேதான் நிற்கிறான். ஒருவாய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை.

“எம்புள்ளய கொன்னுட்டு எம்வாசல்லயே வந்து நிக்கிறியாடா?” கஸ்தூரியின் குரல் கிழிந்தது. “குறுக்க போனேன், குறுக்க போனேன்னு ஊரெல்லாம் சொல்றியாமே! எதுக்குடா போன?”

எல்வின் தலையைக் குனிந்து ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமாம் என்று ஆட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவனேதான் போலீஸிடமும் வந்தவர்களிடமும் சொல்லியிருந்தான். எதிர் எதிரே வரும்போது ஒருவன் மற்றவன் பாதையில் புகுந்து பயங்காட்டுவது அவர்கள் இரண்டு பேரின் வழக்கமான சேட்டை. அன்று எல்வின் புகுந்தான், ரூபேந்திரன் சிரித்துக்கொண்டே திரும்பி விழுந்தான். கவிழ்ந்த பலகையின் ஃபோயில் தொடையில் இறங்கியது. “அடிச்சிருச்சு லா” என்றானாம் ரூபேந்திரன். அப்புறம்தான் எல்வின் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தான். பலகைக் கயிற்றால் தொடையைக் கட்டி, அவனைப் பலகையில் கிடத்தித் தள்ளிக்கொண்டு கரை சேர அரை மணி நேரம் ஆயிற்று. கரையில் பிரவீனா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். “போர்டைப் பாத்துக்க, கல்லுல அடிச்சிடப் போவுது” என்றான் ரூபேந்திரன். அதற்குமேல் பேசவில்லை.

சுகுமாறன் வந்து அம்மாவை உள்ளே இழுத்துப் போனான். எல்வின் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. இப்படியே விட்டால் இவன் ஆயுசுக்கும் அந்தச் சாலையோரத்திலேயே நிற்பான் என்று பிரவீனாவுக்குத் தோன்றியது.

கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாக இறங்கி, பின்சந்து வழியே சுற்றிக்கொண்டு வேனுக்கு மறுபக்கமாக வந்தாள்.

“அண்ணி! நீங்க ஏன் வெளிய வந்தீங்க? யாராச்சும் பாத்தா தப்பா பேசுவாங்க, உள்ள போங்க.”

“எல்வின், நீ எத்தன தடவ அவரு குறுக்க போயிருக்க?”

அவன் கூடாரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“சொல்லு.”

“எண்ணல அண்ணி. எப்பவும்தான்.”

“எத்தன தடவ விழுந்திருக்காரு?”

“விழுவாரு. நானும் விழுவேன்.”

“விழுந்து என்னா ஆச்சு? கன்னிப்போவும். வீங்கும். ரெண்டு நாளு நொண்டுவாரு, நான் தைலம் தேச்சிவிடுவேன். இந்தத் தடவ மட்டும் ஏன் வெட்டுச்சி?”

எல்வின் நிமிர்ந்து பார்த்தான்.

“பேப்பரை வெட்டிக் காட்டுனாரே, மறந்துட்டியா? அதுக்கப்புறம் அவரு தண்ணில விழுந்தது அன்னிக்குத்தான் மொதல் தடவ.”

அவனுக்குப் புரிந்தது. நான்கு பேரிடம் சொல்லியும் போய்ச் சேராதது இவனிடம் ஒரே தடவையில் போய்ச் சேர்ந்தது. அவன் முகத்தில் ஒரு நொடி பாரம் இறங்கியதை அவள் பார்த்தாள். இறங்கியதற்காகவே அவன் வெட்கிப்போனதையும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒருவராவது நம்பினால் போதும் என்றுதான் இரண்டு நாளாகத் தவித்திருந்தாள். இப்போது நம்பிவிட்டான். இனி அது உண்மையாகிவிட்டது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, அப்படியில்ல. நான் போவலன்னா அவரு விழுந்திருக்க மாட்டாரு.”

“சரி. பழிய ரெண்டு பேரும் வச்சிக்குவோம். உன் ஃபோயிலை எடு.”

“எதுக்கு?”

“எடுன்னு சொல்றேன்ல.”

வேனின் பின்கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு பலகைகள் அடுக்கியிருந்தன. அவள் கீழே இருந்ததன் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவில்லை.

“ரெண்டையும் நல்ல தண்ணியில அலசிட்டேன் அண்ணி” என்றான் அவன். “அவர ஆஸ்பத்திரில விட்டுட்டு வந்து அலசினேன். ஏன்னு எனக்கே தெரியல. பழக்கம்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். “நான் இனிமே கடல் பக்கமே போவ மாட்டேன். இதையெல்லாம் வெட்டிக் குப்பையில போட்டுர்றேன்.”

“போவ. அடுத்த வருஷமோ அதுக்கடுத்த வருஷமோ, காத்து வந்தா போவ. நான் உங்க ரெண்டு பேரையும் பாத்தவ. தாள் இருக்கா? நூத்திருபது.”

கருவிப் பெட்டியைக் கிளறி எடுத்துக் கொடுத்தான். அவள் வேனின் விளிம்பில் உட்கார்ந்து, ஃபோயிலை மடியில் குறுக்காக வைத்து, தான் மெருகேற்றிய விளிம்பின் மீது சொரசொரப்பான தாளைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்புக்கு மனசு கூசியது. அவ்வளவு அழகாக வந்திருந்தது. வெள்ளைப் புடவையில் கறுப்புத் தூள் உதிர்ந்தது.

“இப்படிப் பண்ணா மறுபடியும் கத்தும் அண்ணி.”

“கத்தட்டும்.”

இடப்பக்க நுனியிலிருந்து நடுவரை வந்திருப்பாள். ஈமச்சடங்குப் பொறுப்பாளர் ஆளை அனுப்பித் தேடச் சொல்லியிருக்க வேண்டும். சுகுமாறன் சந்துப் பக்கமாக ஓடி வந்தான். அண்ணியின் மடியில் இருப்பதைப் பார்த்துத் திகைத்தான்.

“அண்ணி, என்னா பண்றீங்க? வாய்க்கரிசிக்கு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. மூணு மணிக்கு சுடுகாட்டுல நேரம் குடுத்திருக்காங்க.”

“அஞ்சு நிமிஷம் சுகு. இந்தப் பக்கம் முடியல.”

“எது முடியல?”

அவள் தேய்த்தாள். சுகுமாறன் எல்வினைப் பார்த்தான். எல்வின் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். சுகுமாறனுக்குத் தாங்கவில்லை. குழந்தையிடம் பேசுவது போல, “வாங்க அண்ணி, அண்ணன் காத்திருக்காருல்ல” என்று தோளைப் பிடித்து எழுப்பினான். கையிலிருந்த தாளை விடுவிக்க ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பாதி விளிம்பு அப்படியேதான் பளபளத்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கூடத்தில் பெண்கள் வழிவிட்டார்கள். முழுப் பைத்தியமாகிவிடப் போகிறாள் என்று ஒருத்தி முணுமுணுத்தாள். சித்தி நீட்டிய தட்டிலிருந்து அரிசியை அள்ளினாள் பிரவீனா. விரல்கள் கரியாக இருந்தன. “கையக் கழுவிட்டு வாம்மா” என்றார் பொறுப்பாளர். “நேரமில்ல, போடட்டும்” என்றாள் கஸ்தூரி. கறுத்த அரிசி அவன் வாயருகே விழுந்தது. மூன்றாவது பிடியைப் போடும்போதுதான் கஸ்தூரி பெரிய குரலெடுத்து அழுதாள். கூடமே அவளோடு அழுதது. பிரவீனாவுக்கு அழுகை வரவில்லை. இந்த ஆள் எழுந்து, ‘அது ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் தேச்சிருந்த’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நினைத்தாள். அவன் சொல்ல மாட்டான். இனி யார் சொன்னாலும் அது அவன் சொன்னதாகாது.

நான்கு பேர் மூடியைத் தூக்கி வைத்தார்கள். பொறுப்பாளர் கையை உயர்த்த, அழுகை கொஞ்சம் அடங்கியது. திருகாணியை முடுக்குமுன் அவர் குனிந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் வெளியிலிருந்து சத்தம் வந்தது. சர்க், சர்க், சர்க் என்று சீராக, வேன் நின்ற பக்கமிருந்து.

பிரவீனா தலையைச் சாய்த்துக் கேட்டாள். எல்வின் மேலாகத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுத்தம் பத்தவில்லை.