முழியன் பூதப் படம் பார்க்கிறான்

என் கணவன் எப்போது ஆச்சரியப்படுவான் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். முதலில் கேமரா எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். அடுத்து புருவம் ஏறும். அதற்குப் பிறகுதான் வாய் பிளக்கும். மற்ற மனிதர்கள் எப்படி ஆச்சரியப்படுகிறார்கள் என்று எனக்கு மறந்தே போய்விட்டது. பகல் முழுக்க நான் பார்ப்பது அவன் ஒருவனின் முகத்தைத்தான்.

அது அவன் பிழைப்பு. புதுப் படமோ டிரெய்லரோ எது வந்தாலும், அதைப் பார்க்கும் தன் முகத்தைப் படம் பிடித்துச் சேனலில் போடுவான். ஒருத்தன் படம் பார்ப்பதை உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்கிறதா என்று என் அக்கா இன்னமும் கேட்கிறாள். நிறையவே இருக்கிறது. அவர்கள் அவனுக்கு வைத்த பெயர் முழியன். கண் அப்படி. அந்த முழியை வெட்டித் தொகுத்து, பளிச்சென்று ஆக்கி ஏற்றுவது என் வேலை.

தியேட்டரில் முகம் சரியாக அமையாத இடங்களுக்கு வீட்டில் வைத்து மறுபடி எடுப்போம். அதே சட்டையைப் போட்டுக்கொள்வான். ஜன்னல் திரையை இழுத்து மூடி, எதிரே ஒரு சின்ன விளக்கைக் காட்டுவேன். கேமராவுக்குப் பின்னால் நின்று, "இப்ப பாலம் உடையுது", "இப்ப அந்தப் பொண்ணு தண்ணில விழுந்துட்டா" என்று சொல்லச் சொல்ல அவன் முகம் கொடுப்பான். எங்கள் வீட்டில் இதற்கு 'ஒட்டு' என்று பெயர். எது தியேட்டர், எது ஒட்டு என்று பார்க்கிறவர்களுக்குத் துளி சந்தேகம் வராது. அந்தச் சந்தேகத்தை எல்லாம் சேர்த்து நான் ஒருத்தியே பட்டுவிட்டேன்.

அது ஆரம்பித்தது ஒரு காலையில். அவன் சமையலறையில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தான். நான் குளியலறையிலிருந்து வந்து, கையிலிருந்த பரிசோதனைப் பட்டையை அவன் முன்னால் நீட்டினேன். இரண்டு கோடு. பார்த்தான். புருவம் ஏறியது, வாய் பிளந்தது, இரண்டு கையும் தலைக்குப் போயின. பிறகு கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டான். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் பூரித்துப் போயிருப்பாள். எனக்கு அந்த முகம் ஏற்கெனவே தெரியும். முந்தின வாரம் பூதப் படத்து டிரெய்லருக்கு அவன் கொடுத்த முகம் அது. கை தலைக்குப் போன வேகம்கூட மாறவில்லை. அந்த முகத்தை வெட்டி, வீடியோவுக்கு முகப்பாக வைக்கும் தம்ப்நெயிலாகப் போட்டதே நான்தான்.

"சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"என்ன இப்படிக் கேக்குற? பாத்தல்ல?"

"பாத்தேன்."

இவனுக்குக் குழந்தை வேண்டுமா, வேண்டாமா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அதைக் கேட்டால் இவன் பதில் சொல்ல மாட்டான், முகம் காட்டுவான். அந்த முகத்தை எந்த ஊர் நீதிமன்றத்தில் கொடுத்துச் சரிபார்ப்பது? அக்காவிடம் சொன்னேன். "நீ அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து உக்காந்தே கெட்டுப்போயிட்ட. புருஷன் அழுதா அழுதான்னு எடுத்துக்கோ" என்றாள். அவள் சொல்வாள். அவள் கணவர் கல்யாண போட்டோவிலேயே சிரிக்காதவர். அவர் முகத்தைப் பார்த்து ஏமாற வழியே கிடையாது.

அடுத்த மாதம் டாக்டரம்மாவிடம் போனேன். அன்றைக்குப் பூதப் படத்தின் இரண்டாவது டிரெய்லர் வருகிறது என்று அவன் வரவில்லை. வயிற்றில் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்க வைத்தார்கள். தடதடவென்று, யாரோ மாடிப்படியில் ஓடி வருகிற மாதிரி ஒரு சத்தம். நான் அதைப் போனில் பதிந்து அவனுக்கு அனுப்பினேன். கண்ணில் இதயம் வைத்த ஒரு மஞ்சள் மூஞ்சியைப் பதிலுக்கு அனுப்பினான். அதன் பிறகு என் சந்தேகத்துக்குக் கையும் காலும் முளைத்துவிட்டன.

படம் வெளிவந்த அன்று முதல் காட்சிக்குப் போனோம். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வந்த பூதப் படத்தைத் தூசி தட்டிப் புதிதாக எடுத்திருந்தார்கள். இதோடு முடியாது என்றும் அறிவித்திருந்தார்கள். அடுத்து ராட்சதப் பறவை, அதற்கடுத்து சுரங்கப் பாம்பு, பிறகு பனி மனிதன் என்று தனித்தனிப் படங்கள் வரும், எல்லாம் ஒரே உலகம், கடைசியில் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி அடித்துக்கொள்வார்கள். வாசலில் நின்ற கூட்டம் படத்துக்கு வந்த மாதிரியே இல்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, குறை கண்டுபிடித்தே தீருவது என்ற முகத்தோடு நின்றது.

தியேட்டர் மேனேஜர் எங்களுக்குப் பழக்கம். திரையைப் பிடிக்கக் கூடாது, முகத்தை மட்டும் பிடிக்கலாம் என்று அனுமதி கொடுத்திருந்தார். முன் சீட்டின் முதுகில் சின்னக் கேமராவை மாட்டினேன். விளக்கு அணைந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் கணவனைப் பார்த்தேன்.

பூதம் கடலிலிருந்து எழுந்தபோது விசில் பறந்தது. எங்களுக்குப் பின் சீட்டில் ஒரு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். பழைய படத்தை மனப்பாடமாக வைத்திருந்தவர் போலிருக்கிறது. "இது பூதம் இல்லீங்க. பூதத்தோட சித்தப்பா பையன்" என்றார். "பழைய படத்துல வால் தனியா நடிக்கும். இதுல வால் சும்மா கூட வருது." பக்கத்தில் இருந்தவர் உஷ் என்றார். படத்தில் ஒரு விஞ்ஞானி, சம்பந்தமே இல்லாமல், வடக்கே பனியில் ஒரு காலடித் தடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னார். அரங்கம் முழுக்க முணுமுணுப்பு. "இது படமா, அடுத்த படத்துக்கு விளம்பரமா?" என்று யாரோ சத்தமாகவே கேட்டார். சிரிப்பு எழுந்தது. அந்தக் கூட்டத்தை எனக்குப் பிடித்துப்போனது. நம் தலையில் மிளகாய் அரைக்கிறார்களோ என்ற கவலையோடு உட்கார்ந்திருந்தவள் நான் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

அவன் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தான். பாலம் உடைந்தபோது ஓரக்கண், புருவம், வாய். கப்பல் பறந்தபோது தலையில் கை. அம்மாவைத் தேடி ஒரு சின்னப் பெண் ஓடியபோது கண் கலங்கல். ஒவ்வொன்றாக வந்து போயிற்று. உண்மையான ஒரு பயத்துக்காக நான் கடைசிவரை காத்திருந்தேன், வரவில்லை.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. ஒருவரும் எழவில்லை. திட்டிக்கொண்டே இருந்தவர்களும் எழவில்லை. அடுத்த படத்துக்கு முடிச்சுப் போடும் துண்டுக் காட்சி கடைசியில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். துடைப்பத்தோடு வாசலில் நின்ற அம்மாள் மட்டும் எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

வந்தது. கடலடியில் இறக்கிய ஒலிக் கருவியின் திரை, அதில் ஒரு பச்சைக் கோடு. செத்துவிட்டது என்று நினைத்த பூதத்தின் இதயத் துடிப்பு, மெதுவாக, நாற்காலி அதிர அதிர. விஞ்ஞானி கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்கிறார். அந்தப் பெரிய துடிப்புக்கு அடியில் இன்னொன்று கேட்கிறது. சின்னது. தடதடவென்று, மாடிப்படி ஏறுகிற மாதிரி.

அரங்கம் வெடித்தது. ஆட்கள் சீட்டின் மேல் ஏறி நின்றார்கள். இரண்டரை மணி நேரம் குறை சொன்ன கண்ணாடிக்காரர், தன்னை உஷ் என்று அடக்கியவரையே கட்டிப்பிடித்து, "குட்டி இருக்குங்க, குட்டி இருக்கு" என்றார். அழுதார் என்றே நினைக்கிறேன். நான் என் கணவனைத் திரும்பிப் பார்த்தேன்.

அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. வாய் மூடியிருந்தது. புருவம் இருந்த இடத்தில் இருந்தது. கேமரா பக்கம் கண் போகவே இல்லை. கைப்பிடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ரப்பர் பூதத்தின் குட்டிக்கு ஊரே எழுந்து ஆடுகிறது, இவனுக்கு ஒரு சலனம் இல்லை. இவனுக்குக் குழந்தை வேண்டாம் போலிருக்கிறது. அதைச் சொல்ல வாய் வராமல்தான் இத்தனை நாளும் எனக்குத் தம்ப்நெயில் காட்டிக்கொண்டிருக்கிறான்.

வெளியே வந்ததும், படம் எப்படி என்று போனை நீட்டியவர்களிடம் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் பிரமாதம் என்றார், ஒருவர் நம் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றார், அடுத்த படத்துக்கு வருவீர்களா என்று கேட்டதற்கு இருவருமே வருவோம் என்றார்கள். முழியனும் கண்ணை உருட்டி, "மிரண்டுட்டேங்க" என்று பேசினான்.

மத்தியானம் வெட்ட உட்கார்ந்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"கடைசி சீன்ல மூஞ்சியே இல்ல" என்றேன்.

"அப்படியா?" என்று எட்டிப் பார்த்தான். பச்சை வெளிச்சம் விழுந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இது ஆகாது. எல்லாரும் அந்த இடத்தத்தான் தேடி வருவாங்க. ஒட்டு எடுத்துடலாம்."

ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை இரண்டு பக்கமும் சொடக்கிக்கொண்டான். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பச்சைக் கோடு ஓடுது. பெரிய துடிப்பு" என்றேன். கண்ணை விரித்தான்.

"இப்ப சின்னத் துடிப்பு கேக்குது."

ஓரக்கண், புருவம், வாய். இரண்டு கையும் தலைக்குப் போயின. பால் பாக்கெட் ஒன்றுதான் குறை.

"சரியா வந்துச்சா?"

"இல்ல. இன்னொண்ணு."

சரி என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் கேட்டுவிட்டேன். "சின்னத் துடிப்பு கேக்குது. அது நம்ம குழந்தையோடது. உனக்கு அது வேணுமா, வேண்டாமா?"

ஏற ஆரம்பித்த புருவம் பாதியில் நின்று இறங்கியது. முகத்திலிருந்து எல்லாம் வடிந்து, தியேட்டரில் பார்த்த அந்த வெறும் முகம் மறுபடி வந்தது.

"கேமரா ஓடுதா?" என்றான்.

"ஓடுது."

அவன் அதைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நீ அனுப்புனியே ஒரு சத்தம். அத நான் கேக்கவே இல்ல."

"கேட்டுட்டுதான அந்த மஞ்சள் மூஞ்சிய அனுப்புன?"

"கேக்காமதான் அனுப்புனேன். தெனமும் போன எடுப்பேன். அமுக்கக் கை வராது. இன்னைக்கு தியேட்டர்ல அது தானா கேட்டுது, எந்திரிச்சு ஓடவும் முடியல."

"ஏன் கை வரல? வேண்டாமா?"

"வேணும்." குரல் உடைந்திருந்தது. "பயமா இருக்கு. பொறந்தவுடனே அது என் மூஞ்சியத்தான பாக்கும்? நாள் முழுக்கப் பாக்கும். எதுக்கு சிரிக்கணும், எதுக்குப் பயப்படணும்னு என்னப் பாத்துத்தான் கத்துக்கும். எங்கிட்ட இருக்குற மூஞ்சியெல்லாம் உனக்குத் தெரியும். எல்லாத்தையும் நீதான வெட்டுற."

நான் என்ன லட்சணத்தில் கெட்டுப்போயிருந்தேன் என்றால், அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. இதுவும் நன்றாகத்தான் செய்கிறான் என்று ஒரு மூலையில் தோன்றியது. எட்டிக் கேமராவை அணைத்தேன். சிவப்பு விளக்கு போயிற்று. இனி முகம் மாறும் என்று காத்திருந்தேன்.

மாறவில்லை. கீழ் உதடு லேசாக நடுங்கியது, மூக்கு சிவந்திருந்தது, அழகே இல்லாத முகம். இதைத் தம்ப்நெயிலாகப் போட்டால் ஒரு ஆள் பார்க்க மாட்டான். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு" என்றான். "நான் எந்த மூஞ்சியக் காட்டுறது?"

"இதையே காட்டு" என்றேன்.