சங்கிலி அறையில் சொல்லாத சொல்

கோட்டை வாசலுக்கு மேலே இருந்த சங்கிலி அறையில் ஒரு சொல்லை யாரும் சாதாரணமாகச் சொல்லமாட்டார்கள். ‘விடு’ என்பதுதான் அது. அங்கே அதற்கு ஒரே பொருள்: கைப்பிடியிலிருந்து இரண்டு கைகளையும் எடு, இரும்புக் கதவு ஒரே அடியாக விழட்டும். மெதுவாகச் சுற்றிக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் ‘இறக்கு’. இதில் பிசகிய ஒருவன் ஒரு வண்டியையும் இரண்டு மாடுகளையும் நசுக்கியிருக்கிறான்.

அதனால் கதவுக்காரர் வீட்டில்கூட யாரும் கொட்டாவி விடுவதில்லை, போடுவார்கள். மனைவி தன் தம்பியிடம் “கதை விடாதே” என்று சொல்லவேண்டிய இடத்திலெல்லாம் “கதை அளக்காதே” என்பாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டே அளப்பான்.

அந்தத் தம்பிதான் இப்போது கதவுச் சங்கிலியைச் சுற்றும் உருளையின் இன்னொரு கைப்பிடியைப் பிடித்திருந்தான். அதற்கு முன்பு பன்னிரண்டு வருடம் அதைப் பிடித்தவன் கதவுக்காரரின் சொந்தத் தம்பி. எங்கே அனுப்பினாலும் வழியில் யாருக்காவது சுமை இறக்கிக் கொடுத்து, யாருக்காவது செருப்பு தேடிக் கொடுத்து, தாமதமாகத்தான் வருவான். ஊரே அவனை நத்தை என்றது. சாம்பல் அரசனின் மிருகங்கள் மலையைத் தாண்டியபோது, படைக்குத் தண்ணீர் சுமக்க அவனைக் கொண்டுபோய்விட்டார்கள்.

இன்று படை தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்தது. தளபதியின் கட்டளைப்படி உருளையின் தடுப்புக் கட்டையை எடுத்துவிட்டிருந்ததால், கதவின் முழுப் பாரமும் இரண்டு பேரின் தோள்களில் இருந்தது. தரையிலிருந்த கண்காணிப்புத் துளை வழியே கதவுக்காரர் கீழே பார்த்தபடி இருந்தார். குதிரைக்காரர்கள் வந்தார்கள். ஒளிவாளைத் தூக்கிப் பிடித்தபடி இளவரசர் வந்தார். சாம்பல் அரசனைக் கொல்லப் பிறந்தவர் அவர் என்று எல்லாக் கோயில்களிலும் எழுதி வைத்திருந்தார்கள்.

“இளவரசர் உள்ள வந்தாச்சு! கதவை இறக்கு!” என்று தளபதி கத்தினார்.

“தம்பி இன்னும் வரல, மாப்ளே,” என்றார் கதவுக்காரர்.

“அவன் எப்ப மாமா நேரத்துக்கு வந்திருக்கான்?” என்றான் மைத்துனன். பிறகு துளையில் வாயை வைத்து, “இறக்குறோம் தளபதி!” என்று கத்தினான்.

சொன்னபடியே இறக்கினார்கள். அந்த அறையின் கணக்குப்படி, அங்குலம் அங்குலமாக.

“ஏண்டா, கட்டளை காதுல விழலையா?”

“இறக்குன்னுதானே சொன்னீங்க? அதைத்தான் செஞ்சுக்கிட்டிருக்கோம்!”

காலாட்கள் குனிந்து ஓடிவந்தார்கள். கதவு மார்பளவுக்கு வந்தது. புழுதியில் கடைசி ஆளாக நத்தை தெரிந்தான். முதுகில் ஒரு ஈட்டிக்காரனைச் சுமந்திருந்தான். அந்தச் சுமை இல்லாவிட்டால் எப்போதோ உள்ளே வந்திருப்பான். அவனுக்கு இருபது அடி பின்னால் மிருகங்கள்.

“ஓடி வாடா!” என்று கதவுக்காரர் கத்தினார். “அவனைப் போட்டுட்டு வாடா!”

நத்தை போடவில்லை. கதவு இடுப்பளவுக்கு வந்தபோது வாசலை அடைந்தான். ஈட்டிக்காரனைத் தரையில் கிடத்தி உள்ளே உருட்டித் தள்ளினான். அடுத்து அவன் தவழ்ந்து வரவேண்டும். ஆனால் முதல் மிருகத்தின் மூச்சு அவன் கழுத்திலேயே இருந்தது. அவன் நுழைந்தால் அதுவும் நுழையும். நிமிர்ந்து துளையைப் பார்த்தான்.

“அண்ணே, விடு!”

கதவுக்காரரின் மனம் அதைக் கேட்குமுன்பே கைகள் கேட்டுவிட்டன. முப்பது வருடப் பழக்கம். கதவு விழுந்த அதிர்வில் சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

வெகுநேரம் கழித்து அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்து, “நான் கையை எடுத்துட்டேன், மாப்ளே,” என்றார்.

“ரெண்டு பேரும்தான் எடுத்தோம், மாமா. அவன் சொன்னான், எடுத்தோம்.”

மைத்துனன் கையை எடுக்கவில்லை. சுழன்ற கைப்பிடி அவனையும் இழுத்துப்போட்டதில் வலது தோள் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. கதவுக்காரர் அதைப் பார்த்தார். தன் மேல்துண்டால் அந்தக் கையைக் கட்டிவிட்டார்.

மருத்துவக் கூடத்தில் இடம் இல்லை. ஈட்டிக்காரனை அறைக்கு அடுத்திருந்த தங்கள் வீட்டிலேயே படுக்கவைத்தார்கள். முதுகில் பட்ட காயம் நுரையீரல் வரை போயிருந்தது. நாளைக் காலை வரை தாங்கினால் அதிகம் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். கதவுக்காரரின் மனைவி அழுதுகொண்டே பால் காய்ச்சி, கரண்டியால் புகட்டினாள். கொழுந்தன் தூக்கிவந்த பிள்ளை. அவளுக்கு அது போதும்.

பிற்பகலில் அரண்மனைப் பாடகர் ஏட்டுடன் வந்தார். போரில் நடந்ததை வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஈட்டிக்காரன் கண்ணைத் திறந்தான்.

“அண்ணே, என்னைத் தூக்கிட்டு வந்தது இளவரசர்தானே?”

பாடகர் எழுத்தாணியை எடுத்தார்.

“மயக்கத்துல சரியாத் தெரியல. ஆனா அந்த வெளிச்சத்தைப் பாத்தேன்,” என்றான் ஈட்டிக்காரன். “என்னைப் போய் அவர் சுமந்திருக்காரு! எங்க அம்மா நம்பவே மாட்டா. அவரேதானேண்ணே?”

அந்த முகத்தில் இப்போது வலி இல்லை. கதவுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியைப் பிடித்தபடி பொய் வேண்டாம், உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பதுபோல் தலையை ஆட்டினாள். நடந்ததைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

“ஆமாப்பா,” என்றார். “அவரேதான்.”

பாடகர் எழுதிக்கொண்டு, ஈட்டிக்காரனின் நெற்றியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போனார்.

ஈட்டிக்காரன் கண்ணை மூடியதும் மனைவி அடிக்குரலில் கேட்டாள். “இளவரசருக்கு ஆயிரம் பாட்டு இருக்குதுங்க. உங்க தம்பிக்கு இருந்தது இது ஒண்ணுதான். அதையும் எடுத்துக் குடுத்துட்டீங்களே.”

“சாகப்போற பிள்ளைகிட்டேருந்து எப்படிப் புடுங்குறது?”

“பாடகர்கிட்ட வெளிய போய்ச் சொல்லியிருக்கலாம்ல?”

படியிறங்கிப் பாடகரைத் தேடித்தான் அவர் போனார். ஆனால் அதற்குள் கடைத்தெரு முனையில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. எளிய வீரனை முதுகில் சுமந்த இளவரசரைப் பற்றிப் பாடகர் பாடிக்கொண்டிருந்தார். கணவனை இழந்தவர்கள், கை இழந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து நின்று கேட்டார்கள். மறுநாள் எஞ்சியவர்கள் மறுபடி வெளியே போகவேண்டும். அவர்களுக்கு நம்பிப் போவதற்கு ஏதாவது வேண்டும். கதவுக்காரர் பாட்டு முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

“சொன்னீங்களா?”

“இல்ல. கடவுளுக்குத் தெரியும்டி.”

“கடவுள் பாட்டு எழுதுறதில்லையே,” என்றாள் அவள்.

ஈட்டிக்காரனின் மூச்சு நின்று சற்று நேரம் ஆகியிருந்தது. அவன் வாயோரம் ஒட்டியிருந்த பாலாடையை அவள் விரலால் துடைத்தாள்; அது போகவில்லை. துணியை வெந்நீரில் நனைத்துக்கொண்டு வந்து, வலிக்குமோ என்பதுபோல மெல்லத் துடைத்தாள்.