முடிச்சை அவிழ்த்த காகம்

வசந்தத்தின் முதல் நாரையைப் பார்த்ததும், எங்கள் ஊர் வழக்கப்படி, நல்லது நடக்க வேண்டி மார்ச் முழுக்கக் கையில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளை நூலைத் தெருவோர பிளம் மரத்தில் இரட்டை முடிச்சு போட்டுக் கட்டினேன். மறுநாள் நூலைக் காணோம். கீழ்வீட்டு ஸ்த்ராவ்கா அதை அழகு என்று சொல்லியிருந்தாள். மாலை வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளைத் திருடி என்றேன்.

நேற்று காலை, அதே மரத்தில் இன்னொருவர் கட்டிய நூலைக் காகம் ஒன்று காலால் அழுத்திக்கொண்டு அலகால் பொறுமையாக அவிழ்த்தது. அதன் கூட்டில் என் நூலும் தொங்கியது.

மாடிப்படியில் ஸ்த்ராவ்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"காக்காவுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியுது, உனக்கு வாயை அடக்கத் தெரியலையேடி! என்னைத் திருடின்னு எங்க வச்சு சொன்ன?"

"வகுப்புல."

"அப்ப அங்க வந்து சொல்லு."

இன்று எழுந்து நின்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். ஸ்த்ராவ்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில், திருடி என்ற நாளிலிருந்து வைத்திருக்கும் பையை அவள் இன்னும் எடுக்கவில்லை.