பதினாலு நிமிடத்துக்கு ஒரு மதர்போர்டு

நான் சமையலறை அலமாரிகளுக்கு அளவெடுப்பவன். இருபது வருடமாக இதே பிழைப்பு. சுவர் அரை சென்டிமீட்டர் கோணலாக இருந்தாலும் வாசலில் நிற்கும்போதே என் கண்ணில் பட்டுவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்கள் சிரிக்க வசதியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கேம் ஆடுவது நானில்லை, என் மனைவி. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவளும், தொலைவில் இருக்கும் அவள் தம்பியும் திரையில் ஆளுக்கொரு லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். லாரி ஒரு சாக்குதான். போனில் பேசினால் இருவருக்கும் "சாப்பிட்டியா, சரி வை" என்பதற்கு மேல் வாய் வராது. மேசையில் மாட்டிய விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் மனதில் உள்ளதெல்லாம் வந்துவிடும். அவன் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். இரண்டு மாதம் கரை, எட்டு மாதம் கடல்; லாரி ஓடுவது அவன் கரையில் இருக்கும்போது மட்டும்.

இந்தத் தடவை அவன் கரைக்கு வந்த வாரமே எங்கள் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. உள்ளே எல்லாவற்றையும் சொருகியிருக்கும் மதர்போர்டு போய்விட்டதாம்.

"பக்கத்துக் கடையில சாதாரணமா ஒண்ணு வாங்கி மாட்டிடலாங்க," என்றாள் மனைவி.

"சாதாரணமா? நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்," என்றேன். என் வாய்தான் எனக்கு எதிரி.

முதல் வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். இரண்டாவது வாரம், சூடு தணிக்கும் தகடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்று முகம் தெரியாத ஒருவரோடு இணையத்தில் மல்லுக்கு நின்றேன். அவர் என்னைக் கத்துக்குட்டி என்றார். அந்த ரோஷத்தில் மேலும் பத்து நாள் படித்தேன். பிறகு போர்டில் மின்னும் வண்ண விளக்குகள். பிறகு யூ.எஸ்.பி. சொருகும் இடம் பத்து இருந்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடித்தேன். எங்களிடம் சொருக இருந்தவை மொத்தம் மூன்று.

ஒவ்வொரு வெள்ளியும் மனைவி ஸ்டியரிங்கைத் துடைத்து வைப்பாள். "இந்த வாரமாவது முடியுமா?"

"அடுத்த வாரம் கண்டிப்பா. அவசரப்பட்டு குப்பைய வாங்கச் சொல்றியா?"

அவள் தம்பிக்கு போன் போடுவாள். சாப்பிட்டியா, சரி வை. அது என் காதில் விழாமல் இல்லை. நான் இரண்டு போர்டுகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எட்டாவது வெள்ளி மாலை ஏழு மணிக்கு அவனைத் துறைமுகத்துக்கு அழைத்துப்போக வண்டி வருகிறது. அன்று மதியம்தான் நான் தேர்ந்தெடுத்த மதர்போர்டு வீடு வந்து சேர்ந்தது. கருகருவென்று, நல்ல கனம். அரை நாள் லீவு போட்டு, கம்ப்யூட்டரின் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்து உள்ளே இறக்கினேன். இறங்கவில்லை. சாய்த்தேன், திருப்பினேன், செல்லமாகத் தட்டியும் பார்த்தேன்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் டைட்டா இருக்கு."

அவள் என் இடுப்பிலிருந்த டேப்பை உருவி போர்டை அளந்தாள். பெட்டியை அளந்தாள். மூன்று சென்டிமீட்டர் இடித்தது.

"ஏங்க, நீங்க அளக்கவே இல்லையா?"

டேப்பை வாங்கி நானும் ஒருமுறை அளந்தேன்; அதே மூன்று சென்டிமீட்டர்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. யாரோ நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்ட அலமாரிக் கதவு ஒன்று என் வண்டியில் கிடந்தது. அதை மேசைமேல் படுக்கப்போட்டு, பிளாஸ்டிக் வாஷர் கொடுத்து போர்டை அதில் திருகினேன். பெட்டியில்லாமல் எதை அழுத்தி ஆன் செய்வது? நல்லவேளை, போர்டிலேயே ஒரு பொத்தான் இருந்தது. ஏழு வாரத் தேடலில் உருப்படியாக உதவியது அது ஒன்றுதான். அழுத்தினேன். எல்லாம் ஓடி அவன் லாரி திரையில் தெரிந்தபோது ஆறு நாற்பத்தாறு.

"அக்கா, வந்துட்டியா," ஸ்பீக்கரில் அவன் குரல். "இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு. நீ முன்னால போ."

இருவரும் லாரியைக் கிளப்பினார்கள். எனக்கு மூச்சு வந்தது. கடைசியில் சாதித்துவிட்டோமே என்று சட்டைக் காலரைக்கூட இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கரையிலயே ஒரு வேலை வந்துது அக்கா," என்றான் அவன். "பட்டறையில. சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனா உங்க பக்கம்தான்."

மனைவியின் லாரி மெதுவானது. "எப்போடா?"

"ஒரு மாசம் இருக்கும். உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். போன்ல எப்படிக் கேக்கறதுன்னு தெரியல, ஓட்டும்போது பேசலாம்னு பாத்தேன். அவங்க அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டாங்க. சரி வேணாம்னுட்டேன்."

"இப்ப கேட்டுப் பாரேன்டா."

"வேற ஆள் போட்டாச்சு. விடுக்கா. வண்டி வந்துருச்சு. அத்தான கேட்டதா சொல்லு."

அவன் லாரி சாலையோரம் நின்றது, பிறகு இல்லை. மனைவி ஸ்டியரிங்கை விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழ என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். அலமாரிக் கதவின்மேல் அந்த விளக்குகள் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன.

"அத அணைங்க," என்றாள்.

ஏழு வாரம் படித்தவனுக்கு அதை எப்படி அணைப்பது என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றேன்.